விலைப்போரில் யார் பணம் கரைகிறது? கம்ப்யூட்டர் கடைகளின் விலைவெட்டு, டீலர், கம்பெனி: ஓர் எளிய விளக்கம்

பண்டிகைக்கால ஆன்லைன் விற்பனையில் ஒரு லேப்டாப் 49,490 ரூபாய்க்குப் போகிறது. அதே லேப்டாப்பை, சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவின் டீலர் ஒருவர் 51,000 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் போனைத் திருப்பிக் காட்டி, "இந்த ரேட்டுக்குக் குடுப்பீங்களாண்ணே?" என்று கேட்கிறார். "எனக்கு அடக்கமே அதுக்கு மேலதாங்க" என்று டீலர் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. அந்த 1,510 ரூபாய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது, யார் தலையில் விழுகிறது என்பது புரிந்துவிட்டால் கடைகளின் விலைப்போர் முழுதும் புரிந்த மாதிரிதான்.

ஒரே பொருளை விற்கும் கடைகள் போட்டி போட்டு விலையை இறக்கி, ஒருவர் இறக்கியதற்காகவே மற்றவரும் இறக்க வேண்டிய நிலை வந்தால் அது விலைப்போர். அரிசியிலும் சோப்பிலும் இது உண்டு. ஆனால் கம்ப்யூட்டரில் அடி பலமாக விழும். காரணம், சரக்கு கிடங்கில் சும்மா கிடந்தாலே அதன் மதிப்பு குறையும். ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை புதிய பிராசஸர் தலைமுறை வருகிறது. புதியது வந்த அன்றே பழையதன் விலை இறங்கும். அதனால் விலைப்போரின் நஷ்டம் விலையைக் குறைத்தவர் தலையில் விழுவதைவிட, அந்த நேரத்தில் யார் கையில் ஸ்டாக் இருக்கிறதோ அவர் தலையில்தான் அதிகம் விழும்.

சரக்கு வரும் வழியும் லாபக் கணக்கும்

இந்தியாவில் பிராண்ட் கம்பெனி பொதுவாகச் சிறு கடைக்கு நேரடியாகப் பில் போடாது. ரெடிங்டன், இங்க்ராம் மைக்ரோ, ராஷி பெரிஃபெரல்ஸ் போன்ற தேசிய விநியோகஸ்தர்களுக்கு விற்கும். அவர்களிடமிருந்து நேராகவோ, ஊர் அளவிலான துணை விநியோகஸ்தர் வழியாகவோ சரக்கு கடைக்கு வரும். பெரிய செயின் கடைகளுக்கும் ஆன்லைன் தளங்களில் விற்கும் பெரிய விற்பனையாளர்களுக்கும் தனிப் பேரம், தனி விலை.

இந்த வழியில் ஒரே பொருளுக்கு மூன்று விலை உண்டு. பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. முதலாவது, லேப்டாப்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் அலங்காரம். கடையில் உண்மையில் விற்க வேண்டும் என்று கம்பெனி எதிர்பார்க்கும் விலை எம்.ஓ.பி. டீலருக்குப் பில்லாகும் விலை டி.பி.

ஒரு மாதிரிக் கணக்கு: எம்.ஓ.பி. 52,990 ரூபாய், டி.பி. 51,000 ரூபாய், இரண்டிலும் 18% ஜி.எஸ்.டி. அடக்கம். பார்த்தால் 1,990 ரூபாய் லாபம் போலத் தெரியும். அதில் வரியைக் கழித்தால் கையில் நிற்பது 1,686. வாடிக்கையாளர் கிரெடிட் கார்டு தேய்த்தால், 2% கட்டணம் என்று வைத்தாலே 1,060 போய்விடும். "பேக் கிடையாதா, மவுஸ் கிடையாதா" என்பதற்கு ஒரு 400. மீதி 226 ரூபாய். விநியோகஸ்தர் கொடுத்த 21 நாள் கடன் தாண்டினால், ஆண்டுக்கு 18% வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 765 ரூபாய் ஏறும். அதாவது ஒரு மாதம் கடன் தள்ளிப்போன லேப்டாப்பை எம்.ஓ.பி.க்கே விற்றாலும் நஷ்டம்தான்.

அப்படியானால் டீலர் எதை நம்பிக் கடை நடத்துகிறார்? பின்னால் வரும் பணத்தை நம்பி. வட்டாரத்தில் இதை ஸ்கீம் என்றும் பேக்-எண்ட் என்றும் சொல்வார்கள். காலாண்டில் இத்தனை எடுத்தால் இத்தனை சதவீதம் என்று கிரெடிட் நோட்டாக, அதாவது பாக்கியில் கழித்துக்கொள்ளும் சீட்டாக வரும். விலைப்போரின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, ஆன்லைனில் அல்ல.

அடக்கத்துக்குக் கீழே விற்பவன் முட்டாள் அல்ல

மேற்படி டீலருக்கு 50 லேப்டாப் டார்கெட் என்று வைத்துக்கொள்வோம். எட்டினால் 50-க்கும் சேர்த்து, வரி நீங்கிய டி.பி.யில் 2% கிடைக்கும். ஒன்றுக்கு 864 ரூபாய், மொத்தம் சுமார் 43,200. ஒன்று குறைந்தாலும் பூஜ்யம். காலாண்டு முடிய மூன்று நாள் இருக்கும்போது அவர் 44-இல் நிற்கிறார். மீதி ஆறையும் எடுத்து, ஒவ்வொன்றையும் அடக்கத்துக்கு 1,500 ரூபாய் கீழே தள்ளினாலும் போவது 9,000 தான், வருவதோ 43,200. அவர் தள்ளத்தான் செய்வார். யார் இருந்தாலும் தள்ளுவார்கள்.

ஆனால் அந்த ஆறு லேப்டாப்பும் 49,500-க்குப் போன செய்தி அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவிடும். மறுநாள் தெரு முழுக்க அதுதான் ரேட். டார்கெட்டை எட்டாதவர்களும், டார்கெட்டே இல்லாத சின்னக் கடைக்காரர்களும் அந்த விலைக்கு விற்றாக வேண்டும். அவர்களுக்குப் பின்னால் 43,200 எதுவும் வரப்போவதில்லை. அடுத்த காலாண்டில் நம் டீலருக்கும் டார்கெட் 55 ஆகும். இந்த முறை 50 எடுத்தவரிடம் கம்பெனிக்காரர் குறைத்தா கேட்பார்?

இதைத் தடுக்கக் கம்பெனிகளின் கையில் இருக்கும் கருவி சீரியல் நம்பர். சந்தேகம் வந்தால் ஆளை அனுப்பி ஒரு லேப்டாப்பைச் சாதாரண வாடிக்கையாளர் போல வாங்கச் சொல்வார்கள். பெட்டியிலுள்ள எண்ணை வைத்து, அது எந்த விநியோகஸ்தர் எந்த டீலருக்குப் போட்ட பில் என்று தெரிந்துவிடும். கோவைக்குப் போட்ட சரக்கு டெல்லியில் ஆன்லைனில் வந்து நின்றால் டீலரின் ஸ்கீம் வெட்டப்படும், சில நேரம் பில்லிங்கே நிற்கும். இதற்குப் பயந்து சிலர் பெட்டியின் ஸ்டிக்கரைச் சுரண்டி விற்பதுண்டு. அப்படிப்பட்ட பெட்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாமலிருப்பது நல்லது. வாரண்டி கேட்கப் போகும்போது அந்த எண்தான் முதலில் கேட்கப்படும்.

இனி ஆன்லைன் விலை. 49,490 என்பது ஒரே இடத்திலிருந்து வெட்டிய வெட்டாக இருப்பது அபூர்வம். அதில் ஒரு பங்கு வங்கி கார்டு சலுகை. அதை வங்கியும் தளமும் பிராண்டும் பேசிப் பிரித்துக்கொள்ளும். ஒரு பங்கு, விற்றுத் தீர்ந்த எண்ணிக்கைக்கு ஏற்பப் பிராண்ட் கொடுக்கும் செல்-அவுட் சப்போர்ட். ஒரு பங்கு, பெரிய விற்பனையாளருக்குக் கிடைக்கும் மொத்தக் கொள்முதல் விலை. சில நேரம் புதிய வாடிக்கையாளரைப் பிடிக்கத் தளமே போடும் பணமும் உண்டு. இவற்றில் ஒன்றுகூட ரிச்சி தெரு டீலருக்குக் கிடையாது. ஆகவே அவர் போட்டி போடுவது ஒரு கடையோடு அல்ல, நாலு பேர் சேர்ந்து போட்ட பணத்தோடு.

பிரைஸ் ப்ரொடெக்ஷன்: குடை எங்கே கிழியும்

கம்பெனி டி.பி.யை 2,500 ரூபாய் இறக்குகிறது. டீலரிடம் பழைய விலைக்கு வாங்கிய 20 லேப்டாப் இருக்கிறது. வரி நீங்கிப் பார்த்தால் ஒன்றுக்கு 2,119 வீதம் சுமார் 42,400 ரூபாய் ஒரே இரவில் போயிற்று. அவருடைய 1,686 ரூபாய் லாபத்தில் இதைச் சம்பாதிக்க 25 லேப்டாப் விற்க வேண்டும், கார்டு கட்டணமும் பேக்கும் இல்லாமல்.

இந்த அடியிலிருந்து காக்கக் கம்பெனி தரும் உறுதிதான் பிரைஸ் ப்ரொடெக்ஷன்: விலை இறங்கிய நாளில் விற்காமல் கையில் இருந்த சரக்குக்கு வித்தியாசத்தைக் கிரெடிட் நோட்டாகக் கொடுப்பது. இந்த உறுதி இல்லாவிட்டால் யாரும் ஸ்டாக் எடுக்கமாட்டார்கள். ஆனால் உறுதியில் பல ஓட்டைகள் உண்டு.

முதல் ஓட்டை, உறுதி பெரும்பாலும் கம்பெனிக்கும் விநியோகஸ்தருக்கும் இடையேயானது. துணை விநியோகஸ்தரிடம் வாங்கிய கடைக்காரர் பல நேரம் அந்த வட்டத்துக்குள் வரவே மாட்டார். இரண்டாவது, காலவரம்பு. கடைசி 30 நாளிலோ 45 நாளிலோ பில்லான சரக்குக்கு மட்டும் என்று இருக்கும். அதிகம் தேங்கிய பழைய சரக்குக்குத்தான் பாதுகாப்பு தேவை, அதற்குத்தான் கிடைக்காது. மூன்றாவது, ஸ்டாக் அறிவிப்பு. குறிப்பிட்ட தேதியில் கையிருப்பைச் சீரியல் நம்பரோடு ஏற்ற வேண்டும். ஓரிரு நாள் தாமதித்தாலோ, எண்ணில் ஓர் எழுத்து தவறினாலோ கிளைம் தள்ளுபடி. ஷோகேஸில் பிரித்து வைத்த டெமோ பீஸ் பெரும்பாலும் கணக்கில் வராது. நாலாவது, பணம் வரும் நேரம். விலை இன்றைக்கு இறங்குகிறது, கிரெடிட் நோட் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும். அதுவரை விநியோகஸ்தரின் பாக்கியை முழு விலைக்குக் கட்ட வேண்டும்.

இதில் வரி விஷயம் ஒன்று இருக்கிறது. வருவது ஜி.எஸ்.டி. சேர்த்த கிரெடிட் நோட்டா, வரியைத் தொடாத வணிகக் கிரெடிட் நோட்டா என்று பார்க்க வேண்டும். முன்னதானால் ஏற்கெனவே எடுத்த உள்ளீட்டு வரியில் (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட வரி) அந்தப் பங்கைத் திருப்பிவிட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டவர்களுக்குத் துறையின் நோட்டீஸ் வட்டியோடு வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வேறு. கம்பெனி டி.பி.யை இறக்கினால்தான் இந்தக் குடை விரியும். போட்டிக் கடை தானாக இறக்கினாலோ, ஆன்லைனில் வங்கிச் சலுகையால் விலை விழுந்தாலோ, கம்பெனியின் கணக்கில் விலை இறங்கவே இல்லை. டீலர் முழுதாக நனைவார்.

கம்பெனிக்கு எங்கே வலிக்கிறது

கடைகள் அடித்துக்கொண்டால் கம்பெனிக்கு விற்பனை கூடும், நல்லதுதானே என்று தோன்றலாம். முதல் காலாண்டில் அப்படித்தான் தெரியும். சேனலுக்குள், அதாவது விநியோகஸ்தர்களிடமும் கடைகளிடமும் தள்ளிய கணக்கான செல்-இன் ஏறும். ஆனால் வாடிக்கையாளர் கைக்குப் போன கணக்கான செல்-அவுட் அதற்கு ஈடாக ஏறாவிட்டால் நடுவில் சரக்கு தேங்கும். தேங்கிய சரக்கைக் கரைக்க விலையை இறக்கினால், தேங்கிய ஒவ்வொன்றுக்கும் பிரைஸ் ப்ரொடெக்ஷன் கொடுக்க வேண்டும். ஆகவே விவரம் தெரிந்த விற்பனை மேலாளர்கள் எத்தனை விற்றோம் என்பதைவிடச் சேனலில் எத்தனை வாரச் சரக்கு நிற்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இதற்கு உச்ச உதாரணம் 1982-83இல் அமெரிக்காவில் நடந்தது. கமடோர் கம்பெனி தன் கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரை 1982இல் 595 டாலருக்குக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே 200 டாலர் அருகே இறக்கியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1981இல் 525 டாலருக்கு விற்ற டி.ஐ.-99/4ஏ 1983இல் 99 டாலருக்கு வந்தது. கே-மார்ட் போன்ற தள்ளுபடிக் கடைகளின் தட்டுகளில் இரண்டும் பொம்மைகளோடு பொம்மையாக நின்றன. இந்தப் போரில் இருவரும் சமமானவர்கள் அல்ல. சிப் தயாரிக்கும் எம்.ஓ.எஸ். டெக்னாலஜியைக் கமடோர் 1976லேயே வாங்கிவிட்டிருந்ததால் அதன் உற்பத்திச் செலவு குறைவு. டெக்சாஸின் இயந்திரம் உள்ளுக்குள் செலவு பிடித்தது. கம்ப்யூட்டரில் இழப்பதை மென்பொருளில் எடுக்கலாம் என்று பிறருடைய மென்பொருளுக்கு அது கதவைச் சாத்தியது. அதனால் இயந்திரத்தின் மவுசுதான் குறைந்தது. 1983இன் இரண்டாம் காலாண்டில் மட்டும் டெக்சாஸுக்கு 119 மில்லியன் டாலர் நஷ்டம். அக்டோபரில் வீட்டுக் கம்ப்யூட்டர் தொழிலையே விட்டது. மிச்சச் சரக்கு 49 டாலருக்குக்கூட விற்றது.

ஜெயித்த கமடோருக்கும் ஒரு விலை இருந்தது. கம்ப்யூட்டர் மட்டுமே விற்ற சிறப்புக் கடைகள்தான் அதுவரை வாடிக்கையாளருக்கு எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுத்து, கேபிள் மாற்றி, மென்பொருள் விற்று வந்தவை. தள்ளுபடிக் கடை விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவை கமடோரிடமிருந்து விலகின. கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆள் கடையில் இல்லாமல் போனார். நிறுவனர் ஜாக் ட்ரமியலே 1984 ஜனவரியில் கம்பெனியை விட்டு வெளியேறினார். அது உள்தகராறு, விலைப்போரை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

வேறு வழி எடுத்தவர் மைக்கேல் டெல். ஃபோனில் ஆர்டர் வாங்கி, பிறகு பாகம் சேர்த்து அனுப்புவதுதான் டெல் கம்பெனியின் முறை. 1990இல் அமெரிக்கக் கடைச் சங்கிலிகள் வழியாகவும் விற்கப் பார்த்து, லாபம் நிற்கவில்லை என்று 1994இல் வெளியேறியது. அதன்பின் நேரடி விற்பனையில் கையிருப்பைச் சில நாட்களுக்குச் சுருக்கியது. கடை இல்லை, ஆகவே பிரைஸ் ப்ரொடெக்ஷனும் இல்லை. பாகங்களின் விலை இறங்கினால் போட்டியாளருக்கு நஷ்டம், டெல்லுக்கு லாபம். 2007இல் அது திரும்பவும் கடைகளுக்கு வந்தது. லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்து வாங்க விரும்பியவர்கள் அதற்குள் பெருகிவிட்டார்கள்.

இன்றைய கம்பெனிகள் செலவை எங்கே குறைக்கின்றன என்பதை லேப்டாப்பைத் திறந்தால் பார்க்கலாம். 8 ஜி.பி. மெமரி ஒற்றைக் குச்சியாகவோ, போர்டிலேயே ஒட்டியதாகவோ இருக்கும். நிறம் வெளுத்த டிஸ்ப்ளே, சின்ன பேட்டரி, பிளாஸ்டிக்கில் திருகிய கீல். பிராசஸர் ஸ்டிக்கர் மட்டும் மேலே பளபளக்கும். விலைவெட்டில் இன்டெல்லோ மைக்ரோசாஃப்டோ பங்கு இழப்பது குறைவு. பெட்டி செய்பவர் தன் பங்கில்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் இடம் காலி செய்தவர்கள் பட்டியல் நீளம்: காம்பாக் 2002இல் எச்.பி.யோடு கலந்தது, ஐ.பி.எம். தன் பி.சி. பிரிவை 2005இல் லெனோவாவிடம் ஒப்படைத்தது, சோனி 2014இல் வையோவைக் கைகழுவியது.

சட்டம் எதுவரை

"எல்லாரும் இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது" என்று கம்பெனி எழுத்தில் கட்டளையிட முடியுமா? இந்தியாவில் அது ஆபத்து. போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3(4)(e) மறுவிற்பனை விலையைக் கட்டிப்போடுவதைப் பற்றியது. டீலர்கள் தரும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக 2021 ஆகஸ்டில் மாருதி சுசூகிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே சமயம், அங்கீகரித்த விநியோகஸ்தர் வழியாக வந்த சரக்கை மட்டும் ஆன்லைனில் விற்க வேண்டும் என்று மெமரி கார்டு கம்பெனியான சான்டிஸ்க் வலியுறுத்தியதை 2014இல் ஆணையம் தவறென்று சொல்லவில்லை. ஆகவே கம்பெனிகள் விலையைக் கட்டளையிடாமல், ஸ்கீமை வெட்டுவது, சரக்கு தாமதிப்பது என்று பக்கவாட்டில்தான் கட்டுப்படுத்துகின்றன. எழுத்தில் எதுவும் இருக்காது, ஃபோனில்தான் எல்லாம்.

ஆன்லைன் பக்கம், வெளிநாட்டு முதலீடு பெற்ற சந்தைத் தளங்கள் விலையில் தலையிடக் கூடாது, தாம் பங்கு வைத்திருக்கும் விற்பனையாளரின் சரக்கைத் தம் தளத்தில் விற்க விடக் கூடாது என்று 2018 டிசம்பரில் அறிவித்து 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பண்டிகைத் தள்ளுபடி நின்றதா என்றால், இல்லை. வங்கிச் சலுகையாகவும் பிராண்ட் சலுகையாகவும் வேறு வாசல் வழியே வருகிறது.

சின்னக் கடைக்காரர் செய்யக்கூடியது

ஸ்டாக்கை எண்ணிக்கையில் பார்க்காமல் நாளில் பாருங்கள். வாரத்துக்கு மூன்று விற்கும் மாடலில் 12 வைத்திருந்தால் அது 28 நாள் சரக்கு, அதாவது 21 நாள் கடனைத் தாண்டிய சரக்கு. ஆறு போதும். செப்டம்பர் பிறந்துவிட்டால், ஆன்லைன் விழா விற்பனைக்கு முன் பிரபல மாடல்களைக் குறைத்துவிட்டு, அங்கே கண்ணில் படாத பிசினஸ் மாடல்களை வைக்கலாம்.

ஸ்கீம் பணத்தை விற்பனை விலையில் சேர்த்து விட்டுக்கொடுக்காதீர்கள். வராத கிரெடிட் நோட்டை நம்பி இன்றே தள்ளுபடி கொடுப்பதுதான் கடைகள் மூழ்கும் பொதுவான வழி. வாங்கும் முன்னரே பிரைஸ் ப்ரொடெக்ஷன் எத்தனை நாள், டெமோ பீஸுக்கு உண்டா, எப்போது வரும் என்ற மூன்று கேள்விக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை கொடுத்த ஏரியா மேலாளர் ஆறு மாதத்தில் வேறு பிராண்டில் இருப்பார். சரக்கு இறங்கிய அன்றே சீரியல் நம்பர்களை ஒரு தாளில் ஏற்றிவிடுங்கள். கிளைம் நேரத்தில் பெட்டியைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

அலுவலகங்களும் பள்ளிகளும் பத்து, இருபது என்று கேட்டால் சாதாரண டி.பி.யை வைத்து விலை சொல்ல வேண்டாம். வாடிக்கையாளர் பெயரோடு பிராண்டிடம் முதலில் பதிவு செய்தால் அந்த ஆர்டருக்கு மட்டும் தனி விலை கிடைக்கும், பின்னால் வேறு டீலர் அதே இடத்தில் நுழைந்து உடைப்பதும் கடினம். லேப்டாப்பில் கிடைக்காத லாபம் மெமரி ஏற்றுவதிலும், எஸ்.எஸ்.டி. மாற்றுவதிலும், பழைய கம்ப்யூட்டரிலிருந்து தரவை மாற்றித் தருவதிலும் இருக்கிறது. அந்த வேலைக்குக் கூலி உடைக்க எந்தத் தளமும் வராது.

வாடிக்கையாளர் காட்டும் ஆன்லைன் விலைக்குப் பதில் சொல்லும் முன் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் வரை ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் ஆன்லைனுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று பல பிராண்டுகள் தனித்தனி எண்ணில் இறக்குகின்றன. வித்தியாசம் டிஸ்ப்ளேயிலோ, மெமரியிலோ, ஆபீஸ் மென்பொருளிலோ, வாரண்டி ஆண்டிலோ இருக்கும். இரண்டு பக்கத்தையும் அவர் கண் முன்னால் திறந்து வைத்தால் 1,510 ரூபாயில் பாதிக்கு அங்கேயே கணக்கு கிடைத்துவிடுவதுண்டு. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தால், "ஆன்லைனிலேயே வாங்கிக்கோங்க சார், செட்டப்புக்கு இங்கே வாங்க" என்று சொல்லி அனுப்புவது 1,500 ரூபாய் நஷ்டத்தில் பில் போடுவதைவிட மேல்.